மூன்று சக்கர வண்டி! குழந்தைக்கு எது நல்லது? எது ஆபத்து?

"திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு" என்று காவிரிக் கரையில் சொல்வார்கள்.

அது உண்மைதான். கும்பகோணத்தில் இருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிறது திருவிடைமருதூர். அங்கே மகாலிங்கசுவாமி கோவிலைச் சுற்றி அகலமான வீதிகள் உண்டு. பெரிய தேர் ஓடுகிற வீதிகள் அவை.

அந்த வீதிகளில் ஒரு சின்னத் தேரும் ஓடும். அதற்கு வடம் கிடையாது. இழுப்பதற்கு ஊர் கூட வேண்டாம். ஒரு வயதுக் குழந்தை ஒன்று இருந்தால் போதும்.

ஆம்! அதுதான் நடைவண்டி!

மூன்று பேர், மூன்று வண்டி

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத் திருவிழா பார்க்க வந்திருக்கிறார்கள். பாட்டி, மகன், மருமகள். மருமகளின் இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை.

திருவிழாக் கடையில் சிவப்பும் மஞ்சளும் பூசிய நடைவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாட்டியின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இதை வாங்குடா தம்பி. உன்னை நடக்க வைத்தது இதுதான்" என்றார் பாட்டி.

மகன் சிரித்தான். "அது அந்தக் காலம், அம்மா. இப்போது வாக்கர் வந்துவிட்டது. குழந்தையை அதில் உட்கார வைத்தால் அதுபாட்டுக்கு ஓடும். நீயும் உன் வேலையைப் பார்க்கலாம்" என்றான்.

மருமகள் குறுக்கிட்டாள். "சென்னையில் எங்கள் அக்கா மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கியிருக்கிறாள், அத்தை. குழந்தையை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தள்ளிக்கொண்டு போகலாம். அதை வாங்கினால் என்ன?" என்றாள்.

மூன்று பேர். மூன்று வண்டி. யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வி பல வீடுகளில் வருகிறது. பணம் மட்டும் இதில் போவதில்லை. தவறான வண்டியை வாங்கினால் குழந்தையின் மண்டை உடையும். ஆகவே நிதானமாக யோசிக்க வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்

மூன்று சக்கர வண்டி வெளிநாட்டில் இருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். அது நம் ஊர்ச் சரக்கு!

திருவிடைமருதூரைத் தாண்டிப் போகும் காவிரி, பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. சங்க காலத்தில் அந்தப் பூம்புகார் பெரிய துறைமுகம். அதைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் பட்டினப்பாலை. கரிகாற்சோழனின் புகழைச் சொல்லும் பாட்டு அது.

அதில் ஒரு காட்சி வருகிறது. வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைத் தின்ன ஒரு கோழி வருகிறது. காவல் இருக்கும் பெண், காதில் இருந்த பொன் குழையைக் கழற்றி அதன்மேல் வீசுகிறாள். அந்தக் குழை வழியில் கிடந்து, குழந்தைகள் உருட்டி வரும் சிறு தேரைத் தடுக்கிறது!

அந்தச் சிறு தேருக்கு எத்தனை சக்கரம் தெரியுமா? மூன்று! குதிரை பூட்டாத, மூன்று சக்கரச் சிறு தேர் என்றே புலவர் சொல்கிறார்.

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்களும் சிறு தேரை மறக்கவில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். அதில் கடைசிப் பருவத்தின் பெயரே சிறுதேர்ப் பருவம்தான்.

மூன்று சக்கரம் ஏன்?

நான்கு கால் நாற்காலியை மேடு பள்ளமான தரையில் போடுங்கள். ஆடும். ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். முக்காலியைப் போட்டுப் பாருங்கள். ஆடாது.

நம் பாட்டிமார்கள் அடுப்புக் கூட்ட மூன்று கல் வைத்தார்கள். நான்கு கல் வைக்கவில்லை. மூன்று கல்லும் பானையைத் தொட்டே தீரும். பானை ஆடாமல் நிற்கும்.

அதுபோல, மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கரடுமுரடான தெருவிலும் வண்டி ஆடாது. முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் திருப்புவதும் சுலபம்.

ஆனால் ஒரு குறையும் உண்டு. முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கவிழும்! மூன்று சக்கர வண்டியும் அப்படித்தான். பாரம் நடுவில் இருக்கும்வரை உறுதியாக நிற்கும். பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நான்கு சக்கர வண்டியைவிடச் சீக்கிரம் கவிழும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம்.

வாக்கர்: வேண்டவே வேண்டாம்!

முதலில் மகன் கேட்ட வாக்கரைப் பார்ப்போம்.

இது வட்டமாக இருக்கும். சுற்றிலும் சின்னச் சின்னச் சக்கரங்கள். நடுவில் துணி இருக்கை. குழந்தை அதில் தொங்கிக்கொண்டு, கால் விரலால் தரையை உந்தும். வண்டி பறக்கும்!

எவ்வளவு வேகம் தெரியுமா? ஒரே நொடியில் 3 அடிக்கு மேல் போய்விடும். நீங்கள் "ஐயோ" என்று எழுந்திருப்பதற்குள் குழந்தை படிக்கட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் இதைப் பற்றிக் கணக்கு எடுத்தார்கள். 1990 முதல் 2014 வரை, வாக்கரால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல்! எல்லாரும் 15 மாதத்துக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்கு 90 பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். நூற்றுக்கு 74 பேர் படிக்கட்டில் உருண்டவர்கள்.

கனடா நாடு ஒரு படி மேலே போனது. 2004-ம் ஆண்டில் வாக்கரை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை போட்டுவிட்டது. பழைய வாக்கரைக்கூட அங்கே விற்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தங்கள் நாட்டில் தடை வேண்டும் என்று சொல்லி வருகிறது.

"நம் வீட்டில் மாடிப்படி இல்லையே" என்கிறீர்களா?

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணையும் படியும். நடுவில் பள்ளமான முற்றம். பின்னால் கொல்லைப் படி. அதற்கு அப்பால் கிணற்றடி. ஒரு வீட்டுக்குள் எத்தனை இடத்தில் குழந்தை விழலாம் என்று எண்ணிப் பாருங்கள்!

இன்னொன்று. தரையில் தவழும் குழந்தைக்கு மேசைமேல் இருக்கும் காபி டம்ளர் எட்டாது. வாக்கரில் நிற்கும் குழந்தைக்கு எட்டும். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தால் கொதிக்கும் குழம்பு தலையில் கொட்டும்.

"நடை சீக்கிரம் வருமே" என்று சிலர் சொல்வார்கள். வராது! வாக்கரில் தொங்கும் குழந்தை தன் பாரத்தைத் தானே தாங்குவதில்லை. தன் கால் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரிவதும் இல்லை. நடை தாமதமாகலாம் என்றே குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

ஆகவே வாக்கரை விட்டுத் தள்ளுங்கள்.

நடைவண்டி: பார்த்து வாங்குங்கள்

பாட்டி கேட்ட நடைவண்டி வேறு வகை. இதில் குழந்தை உட்காருவதில்லை, தொங்குவதில்லை. தன் காலில் தானே நிற்கிறது. கட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறது. விழுந்தாலும் தன் உயரத்தில் இருந்துதான் விழும்.

ஆனால் எல்லா நடைவண்டியும் நல்ல வண்டி அல்ல. வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

உயரம்: பிடிகட்டை குழந்தையின் இடுப்புக்கு மேலும் மார்புக்குக் கீழும் இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் குழந்தை தொங்கும். தாழ்வாக இருந்தால் குப்புற விழும்.

அகலம்: பின்சக்கரங்கள் இரண்டும் நன்றாக அகன்று இருக்க வேண்டும். நெருங்கி இருந்தால் திரும்பும்போது வண்டி கவிழும். முன்சக்கரம் நன்றாக முன்னால் நீண்டு இருக்கட்டும்.

ஓட்டம்: கடையிலேயே ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். சர்ரென்று ஓடினால் வேண்டாம். கொஞ்சம் இறுக்கமாக, மெதுவாக உருள வேண்டும். குழந்தைக்கு முன்னால் வண்டி ஓடக் கூடாது.

கடையாணி: "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. சக்கரத்தைக் கழலாமல் பிடித்திருக்கும் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். அது கழன்றால் சக்கரம் போகும். அதைவிட ஆபத்து, குழந்தை அந்த ஆணியை வாயில் போட்டுக்கொள்ளும்!

சிராய்: கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கட்டை முழுவதும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டிக்கொள்ளும் இடத்தில் சிராயோ ஆணிமுனையோ இருக்கிறது என்று அர்த்தம்.

பளபளப்பைக் கண்டு ஏமாறாதீர்கள்

இப்போது வண்ணத்துக்கு வருவோம்.

பல் முளைக்கும் குழந்தை என்ன செய்யும்? பிடிகட்டையைக் கடிக்கும். பெயின்டு வயிற்றுக்குள் போகும். அந்தப் பெயின்டில் ஈயம் கலந்திருந்தால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இதற்காக நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. வீட்டு உபயோகப் பெயின்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. 2017 நவம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது.

ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். சாயம் ஒட்டாவிட்டாலும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே பெயின்டு பூசாத, நன்றாக இழைத்த வெறும் மர வண்டியே மேல்.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அரசாங்கத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே தொழிற்சாலைச் சாமானில் முத்திரையைப் பாருங்கள். கையால் செய்த சாமானில் உங்கள் கண்ணாலும் கையாலும் சோதித்துப் பாருங்கள்.

மண் தரை போனது, ஓட்டம் கூடியது!

பாட்டி ஒன்றை மறந்துவிட்டார். அவர் மகன் நடை பழகியது சாணி மெழுகிய மண் தரையில். மண் தரை சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். வண்டி ஆடி அசைந்து போகும்.

இன்று பல வீடுகளில் வழவழப்பான டைல்ஸ் தரை. அதே நடைவண்டி அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். குழந்தையின் கால் பின்தங்கும். முகம் தரையில் மோதும்.

இதற்கு என்ன வழி? சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டலாம். மணல் நிரப்பிய சின்னத் துணிப்பையைக் கீழ்ச்சட்டத்தில் இறுக்கிக் கட்டலாம். வண்டி கனத்து, வேகம் குறையும். திருவிடைமருதூர் போன்ற ஊரில் வாசலில் மண் தெரு இருந்தால் இன்னும் நல்லது. வண்டி வராத நேரம் பார்த்து அங்கேயே பழக்கலாம்.

எப்போது கொடுக்கலாம்?

குழந்தை தானாக எதையாவது பிடித்து எழுந்து நிற்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் நடைவண்டி. அதற்கு முன்னால் கொடுத்தால் பயன் இல்லை.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே!" என்று கவலைப்படுகிறீர்களா?

கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, 2006-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் சில 8 மாதம் முடிந்ததுமே தனியாக நடந்தன. சில குழந்தைகளுக்குப் பதினேழரை மாதம்வரை ஆயிற்று. இரண்டுமே சரிதான்!

ஒன்றரை வயது முடிந்தும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு வண்டி மருந்து அல்ல.

தள்ளுவண்டி: தேவையா?

கடைசியில் மருமகள் கேட்ட தள்ளுவண்டி.

1733-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கலைஞர் ஒரு வண்டி செய்தார். அதை இழுத்தது ஆட்டுக்கிடா அல்லது மட்டக்குதிரை! அம்மாவும் அப்பாவும் கையால் தள்ளும் வண்டி பிறகு வந்தது.

1965-ல் ஓவன் மக்ளாரன் என்ற ஆங்கிலேயர் குடை போல மடக்கும் தள்ளுவண்டியைக் கண்டுபிடித்தார். அவர் விமான இன்ஜினீயர். விமானத்துக்கு உதவும் லேசான அலுமினியத்தைக் குழந்தை வண்டிக்குப் பயன்படுத்தினார்.

1980-களில் அமெரிக்காவில் ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்காக மூன்று பெரிய சக்கரம் வைத்த வண்டி வந்தது. அப்பா ஓடுவார், குழந்தை முன்னால் சவாரி செய்யும்!

நம் ஊருக்கு இது ஏற்றதா? உங்கள் தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அகலமான தெரு, நடக்க ஓரம், அதிக வாகனம் இல்லை என்றால் வாங்கலாம். லாரியும் பஸ்ஸும் உரசிப் போகும் குறுகிய சாலை என்றால் இடுப்பே நல்ல வண்டி!

வாங்குவதாக இருந்தால் கவனியுங்கள்:

சக்கரம்: பெரிய, காற்றடைத்த சக்கரம் மேடு பள்ளத்தில் நன்றாகப் போகும். பஞ்சரானால் சைக்கிள் கடையில் ஒட்டிவிடலாம். மழைக்காலத்தில் நம் வயல்பக்கக் களிமண் சக்கரத்தில் அப்பும். சின்னச் சக்கரம் அதில் சுற்றவே சுற்றாது.

முன்சக்கரம்: எல்லாப் பக்கமும் திரும்பும் முன்சக்கரம் கடைத்தெருவுக்கு நல்லது. கரடான பாதையில் அதைத் திரும்பாமல் பூட்டும் வசதி இருக்க வேண்டும்.

பிரேக்: பெரிய தேருக்கு முட்டுக்கட்டை எப்படியோ, சின்ன வண்டிக்குப் பிரேக் அப்படி. சரிவில் வைத்து, பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. குளத்துப் படி, ஆற்றுப் படி, வாய்க்கால் கரை பக்கம் பிரேக் போட்டாலும் கையை எடுக்காதீர்கள்.

பெல்ட்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, நடுவில் கால்களுக்கு இடையே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று ஒரு நாள்கூடப் போடாமல் விடாதீர்கள்.

இருக்கை: கைக்குழந்தைக்கு முதுகு சாயாமல் மல்லாந்து படுக்கும் வசதி வேண்டும். தலை நின்று, தானாக உட்காரும் குழந்தைக்குத்தான் நிமிர்ந்த இருக்கை.

மடிப்பு: வண்டியை மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். பிஞ்சு விரல் இடுக்கில் மாட்டும்.

காய்கறிப் பையும் வெயிலும்

இரண்டு தவறுகளைப் பலரும் தெரியாமல் செய்கிறார்கள்.

ஒன்று: காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டுவது. முக்காலிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் பின்னால் போனால் வண்டி குழந்தையோடு மல்லாந்து விழும். பையைச் சக்கரங்களுக்கு நடுவே கீழே உள்ள கூடையில் வையுங்கள்.

இரண்டு: வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடுவது. காற்று போகாமல் உள்ளே சூடு ஏறிவிடும். மெல்லிய துணியானாலும் ஆபத்துதான். குடை பிடியுங்கள். முடிந்தால் காலையிலோ மாலையிலோ கிளம்புங்கள். உலோகக் கொக்கி வெயிலில் காய்ந்திருந்தால் குழந்தையின் தொடையைச் சுடும். முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

கடையில் என்ன வாங்கினார்கள்?

திருவிழாக் கடைக்குத் திரும்பி வருவோம்.

அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? மகன் வாக்கரை மறந்துவிட வேண்டும். மருமகள் தள்ளுவண்டி வாங்குமுன் தன் வீட்டுத் தெருவை ஒரு தரம் பார்க்க வேண்டும். பாட்டி கேட்ட நடைவண்டியை வாங்கலாம். ஆனால் சாயம் பூசாததாக, மெதுவாக உருள்வதாக, கடையாணி இறுகியதாகப் பார்த்து வாங்க வேண்டும். குழந்தை சுவர் பிடித்து நடக்கும்வரை அதைப் பரணில் வைக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று இருக்கிறது. "குழந்தை அதுபாட்டுக்கு ஓடும், நாம் வேலையைப் பார்க்கலாம்" என்று மகன் சொன்னான் அல்லவா? அப்படிப்பட்ட வண்டி இன்னும் எந்த ஊரிலும் பிறக்கவில்லை.

தேர் ஓடும்போது சக்கரத்தின் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஆள் நடந்து வருவார். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப மாட்டார்.

உங்கள் வீட்டுச் சின்னத் தேருக்கு அந்த ஆள் நீங்கள்தான்!